பி.எஸ்சி.யும் இருக்கு, பி.எட்.டும் இருக்கு... சயின்ஸ் டீச்சர் வேலை மட்டும் இல்லை!: பட்டத்தின் பெயரில் காத்திருக்கும் சிக்கல்

பிளஸ்-2 ரிசல்ட் வந்த மறுநாளே கலைக்கல்லூரி வாசல்களில் கூட்டம் அலைமோத தொடங்கி விடும். "டாக்டர் சீட் கிடைக்கலை, என்ஜினீயரிங்குக்கு பணம் இல்லை, பேசாம பி.எஸ்சி. சேர்த்து விட்டு டீச்சர் ஆக்கிடலாம்" என்பது நடுத்தர குடும்பங்களில் காலம் காலமாக போடப்படும் கணக்கு. கணக்கு என்னவோ சரிதான். ஆனால் எந்த பி.எஸ்சி. என்பதில்தான் பலர் கோட்டை விட்டு விடுகிறார்கள்.

விவரம் தெரிய வருவது உடனே இல்லை. 3 வருடம் டிகிரி, 2 வருடம் பி.எட்., அதன் பிறகு தகுதித்தேர்வு, அதன் பிறகு போட்டித்தேர்வு என்று எல்லாவற்றையும் தாண்டி, பைலை தூக்கிக்கொண்டு சான்றிதழ் சரிபார்ப்புக்கு போகும்போதுதான் "உங்க டிகிரி இந்த பாடத்துக்கு இணையானது இல்லை" என்று கையை விரிக்கிறார்கள். அப்போது வயது முப்பதை தொட்டிருக்கும். மறுபடி முதலில் இருந்து பி.எஸ்சி. படிக்கவா முடியும்?

தமிழக அரசு பள்ளிகளில் 6-ம் வகுப்பு முதல் 10-ம் வகுப்பு வரை அறிவியல் நடத்துபவர் பட்டதாரி ஆசிரியர். ஊர் வழக்கில் பி.டி. அசிஸ்டென்ட். இதற்கு அறிவியல் பட்டமும் பி.எட்.டும் வேண்டும். பிளஸ்-1, பிளஸ்-2 நடத்துபவர் முதுகலை ஆசிரியர். அவருக்கு எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் வேண்டும். இது வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்த கதை.

தெரியாத கதை இனிமேல்தான்.

பள்ளிக்கூடத்தில் "அறிவியல்" என்று ஒரே புத்தகம். ஆனால் ஆசிரியர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கும்போது "அறிவியல் ஆசிரியர்" என்று ஒட்டுமொத்தமாக எடுப்பதில்லை. இயற்பியலுக்கு தனி, வேதியியலுக்கு தனி, தாவரவியலுக்கு தனி, விலங்கியலுக்கு தனி என்று நாலு கூறாக பணியிடங்களை அறிவிக்கிறது. இந்த நாலில் ஒன்று உங்கள் பட்ட சான்றிதழில் முதன்மை பாடமாக, அதாவது மேஜராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதற்கு இணையானது என்று அரசாணை போடப்பட்ட பட்டமாக இருக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

இதில் ஒரு வேடிக்கை. சின்ன ஊர்களில் உள்ள பல அரசு உயர்நிலைப்பள்ளிகளில் அறிவியலுக்கு ஒரே ஒரு பணியிடம்தான் இருக்கும். அங்கே விலங்கியல் படித்து விட்டு வந்தவர்தான் 10-ம் வகுப்புக்கு நியூட்டன் விதியும் நடத்துவார், ஆவர்த்தன அட்டவணையும் நடத்துவார். இயற்பியல்காரர் பூவின் பாகங்களை படம் போட்டு காட்டுவார். உள்ளே போன பிறகு எல்லாவற்றையும் ஒருவரே நடத்தலாம். உள்ளே போவதற்கு மட்டும் மேஜர் ஒன்றே ஒன்றாக இருந்தாக வேண்டும்!

கடந்த 25, 30 வருடங்களில் கல்லூரிகள் மாணவர்களை இழுக்க புதுப்புது பெயர்களில் பாடப்பிரிவுகளை தொடங்கின. மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி, பயோகெமிஸ்ட்ரி என்று கேட்கவே பந்தாவாக இருக்கும். பாடமும் நல்ல பாடம்தான். லேப், மருந்து கம்பெனி, ஆராய்ச்சி என்று போகிறவர்களுக்கு பிரச்சினை இல்லை. ஆனால் பி.டி. அசிஸ்டென்ட் ஆக நினைப்பவர்களுக்கு இது முட்டுச்சந்து. பெயரிலேயே கெமிஸ்ட்ரி இருக்கிறதே என்று பயோகெமிஸ்ட்ரி பட்டதாரி வேதியியல் பணியிடத்துக்கு போய் நிற்க முடியாது. "மைக்ரோபயாலஜியும் உயிரியல்தானே சார்" என்று வாதாடியும் பலன் இல்லை.

முதுகலை ஆசிரியர் பணியில் பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, மனையியல் ஆகியவற்றுக்கு தனி பணியிடங்கள் உண்டு. ஆனால் இயற்பியல், வேதியியலோடு ஒப்பிட்டால் அவை சொற்பம். அதை நம்பி 5 வருடத்தை அடகு வைப்பது ரிஸ்க்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. சென்னை பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கல்லூரிகளில் தாவரவியல் பிரிவு "தாவர உயிரியல் மற்றும் தாவர உயிரி தொழில்நுட்பம்" என்ற நீளமான பெயரில் நடந்து வந்தது. பெயரை பார்த்து மிரண்டு போக வேண்டியதில்லை. அடிப்படையில் அது தாவரவியல்தான். இதுபோல பெயர் மாறிய பட்டங்களுக்குத்தான் "இணைத்தன்மை அரசாணை" கை கொடுக்கிறது.

அது என்ன இணைத்தன்மை? "இந்த பல்கலைக்கழகத்தின் இந்த பட்டம், அரசு வேலைக்கு இந்த பட்டத்துக்கு சமம்" என்று உயர்கல்வித்துறை வெளியிடும் ஆணை. அதற்கென்று உள்ள நிபுணர் குழு பாடத்திட்டத்தை ஒப்பிட்டு பார்த்து பரிந்துரை செய்த பிறகே ஆணை வரும். "சமம் இல்லை" என்று சொல்லியும் ஆணைகள் வந்திருக்கின்றன என்பதை மறக்கக்கூடாது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஆணை பல்கலைக்கழகத்தையும் பாடத்தின் பெயரையும் குறிப்பிட்டே வரும். பக்கத்து ஊர் பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்கு ஆணை இருக்கிறது என்பதற்காக அதே பெயரில் உள்ள உங்கள் பட்டத்துக்கும் செல்லும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. சேரும்போதே கல்லூரி அலுவலகத்தில் "இணைத்தன்மை ஜி.ஓ. இருக்கா, நம்பர் என்ன?" என்று கேட்டு ஒரு ஜெராக்ஸ் வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். "அதெல்லாம் வந்துடும், நீங்க முதல்ல பீஸ் கட்டுங்க" என்று பதில் வந்தால் உஷாராகி விட வேண்டும்.

பி.எட். சேரும்போதாவது இது தெரியாதா என்று கேட்கலாம். அங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். பி.எட். என்பது ஒரு படிப்பு. வேலை என்பது வேறு. படிப்பில் சேர ஒரு விதி, வேலைக்கு எடுக்க ஒரு விதி. பி.எட். சீட் கிடைத்து விட்டதாலேயே அரசு வேலைக்கு தகுதி வந்து விட்டது என்று அர்த்தம் இல்லை.

பி.எட். முன்பு ஒரு வருட படிப்பாக இருந்தது. தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சிலின் 2014 விதிகளின்படி 2015-16 முதல் 2 வருடம் ஆகி விட்டது. இதில் 20 வாரம் பள்ளிக்கூடத்துக்கு போய் பயிற்சி எடுக்க வேண்டும். தமிழகத்தில் பி.எட். கல்லூரிகள் எல்லாம் 2008-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. சேர்க்கைக்கு டிகிரியில் பொதுப்பிரிவினர் 50 சதவீதம், பிற்படுத்தப்பட்டோர் 45, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 43, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர் 40 சதவீத மார்க் எடுத்திருக்க வேண்டும். சைதாப்பேட்டை, லேடி வெலிங்டன், வேலூர், குமாரபாளையம், கோவை, ஒரத்தநாடு, புதுக்கோட்டை என 7 அரசு கல்லூரிகள் உள்ளன. இவற்றில் சைதாப்பேட்டை கல்லூரி 1856-ல் தொடங்கப்பட்டது. அரசு கல்லூரியில் இடம் கிடைத்தால் செலவு கையை கடிக்காது. பெரும்பாலானவர்கள் போய் விழுவது தனியாரில்தான். காலேஜுக்கே வராமல் பி.எட். முடித்து தருகிறோம் என்று சொல்லும் புரோக்கர்கள் பக்கம் தலை வைத்து படுக்கவே கூடாது.

அடுத்தது "டெட்" எனப்படும் ஆசிரியர் தகுதித்தேர்வு. கட்டாய கல்வி உரிமை சட்டம் 2010 ஏப்ரல் 1-ந்தேதி அமலுக்கு வந்த பிறகு, 8-ம் வகுப்பு வரை பாடம் நடத்த இது கட்டாயம் ஆனது. பி.எட். முடித்தவர்கள் எழுத வேண்டியது 2-ம் தாள். மொத்தம் 150 கேள்வி, 150 மார்க். குழந்தை மேம்பாடு 30, மொழிப்பாடம் 30, ஆங்கிலம் 30, மீதி 60 கணிதமும் அறிவியலும். பிளஸ்-2-வோடு கணக்கை மூட்டை கட்டி வைத்த தாவரவியல், விலங்கியல் பட்டதாரிகளுக்கு இங்கே கணக்கு கண்ணீர் வரவழைக்கும்.

தமிழகத்தில் முதல் டெட் 2012 ஜூலை 12-ந்தேதி நடந்தது. 6 லட்சத்துக்கும் அதிகமானோர் எழுதியதில் தேறியவர்கள் 2,448 பேர். சதவீதமாக பார்த்தால் ஒன்றுகூட இல்லை! 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம்தான் கொடுத்தார்கள் என்று எதிர்ப்பு கிளம்ப, அக்டோபரில் 3 மணி நேரம் கொடுத்து மறுபடி நடத்தினார்கள். பாஸ் மார்க் 60 சதவீதம், அதாவது 90. இடஒதுக்கீட்டு பிரிவினருக்கு 2014-ல் 82 ஆக குறைக்கப்பட்டது. இந்த மார்க் விவகாரம் அவ்வப்போது மாறக்கூடியது என்பதால் எழுதப்போகும் வருடத்தின் அறிவிப்பை பார்த்துக்கொள்வது நல்லது. ஒரு முறை பாஸ் செய்தால் சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும். ஆரம்பத்தில் 7 வருடம் என்று இருந்ததை 2021-ல் மாற்றி விட்டார்கள்.

இந்த தேர்வு வருடா வருடம் நடக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. 2013-க்கு பிறகு 2017, பிறகு 2019, பிறகு 2022-23, அதன் பிறகு 2025 நவம்பர். தீபாவளி போல வருடம் தவறாமல் வருவது இல்லை.

டெட் பாஸ் செய்தால் வேலை என்ற காலமும் போய் விட்டது. 2014-ல் பிளஸ்-2, டிகிரி, பி.எட்., டெட் மார்க்குகளை சேர்த்து வெயிட்டேஜ் போட்டு எடுத்தார்கள். பல வருடங்களுக்கு முன்பு பிளஸ்-2-வில் மார்க் குறைந்தவர்கள் இதனால் பின்னுக்கு தள்ளப்பட்டார்கள். 2018-ல் அரசாணை 149 வந்தது. டெட் பாஸ் செய்தவர்கள் தனியாக ஒரு போட்டித்தேர்வும் எழுத வேண்டும் என்று ஆனது. 2013-ல் டெட் பாஸ் செய்து வேலைக்கு காத்திருந்தவர்கள் கொதித்து போய், 2023-ல் சென்னை டி.பி.ஐ. வளாகத்தில் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஆனாலும் முறை மாறவில்லை. 2024 பிப்ரவரி 4-ந்தேதி அந்த போட்டித்தேர்வு நடந்தது. இதில் முதலில் தமிழ் தகுதித்தாள். 50-க்கு 20 மார்க் எடுக்காவிட்டால் மேஜர் பாட விடைத்தாளை தொடவே மாட்டார்கள். மேஜர் பாடத்துக்கு 150 மார்க். அதாவது இயற்பியல்காரருக்கு இயற்பியல் மட்டும்தான். பட்டத்தின் பெயர் விளையாடுவது இந்த இடத்தில்தான்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2010-ல் வந்த இந்த சட்டத்தை 2020-ல் திருத்தினார்கள். அதன்படி டிகிரியை மட்டும் தமிழில் படித்தால் போதாது, 1-ம் வகுப்பில் இருந்தே தமிழ் வழியாக இருக்க வேண்டும். படித்த பள்ளி ஒவ்வொன்றிலும் சான்றிதழ் வாங்க வேண்டும். தலைமை ஆசிரியரை தேடி அலைவது தனி கதை. முன்கூட்டியே வாங்கி வைத்து விட்டால் டென்ஷன் இல்லை.

முதுகலை ஆசிரியர் ஆக நினைப்பவர்களுக்கு டெட் தேவை இல்லை, நேரடியாக போட்டித்தேர்வுதான். ஆனால் அங்கேயும் ஒரு கொக்கி இருக்கிறது. பி.எஸ்சி.யில் எந்த மேஜரோ எம்.எஸ்சி.யிலும் அதே மேஜர் இருக்க வேண்டும். பி.எஸ்சி. இயற்பியல் முடித்து விட்டு எம்.எஸ்சி.யில் வேறு பாடம் தாவியவர்கள் இதில் அடிபட்டு போகிறார்கள்.

10-ம் வகுப்பு, பிளஸ்-2, டிகிரி என்ற வரிசையும் முக்கியம். பிளஸ்-2 படிக்காமல் திறந்தநிலை பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய டிகிரி, 2009-ல் வந்த அரசாணை 107-ன்படி அரசு வேலைக்கு செல்லாது.

என்ஜினீயரிங் முடித்து விட்டு வேலை இல்லாமல் பி.எட். பக்கம் திரும்புபவர்களும் இப்போது உண்டு. பி.இ. படித்தவர்கள் பி.எட். சேரலாம். 2019 டிசம்பரில் வந்த உத்தரவுப்படி டெட் எழுதி 6 முதல் 8-ம் வகுப்பு வரை ஆசிரியர் ஆகவும் வழி உண்டு. ஆனால் கணக்கு வாத்தியாராகத்தான், சயின்ஸ் வாத்தியாராக அல்ல. மெக்கானிக்கல் படித்தவர் இயற்பியல் பணியிடத்துக்கு ஆசைப்பட்டு பிரயோஜனம் இல்லை.

சரி, ஏற்கனவே வேறு பெயரில் பி.எஸ்சி. முடித்தவர்கள் என்ன செய்வது? முதலில் செய்ய வேண்டியது, தங்கள் பட்டத்துக்கு இணைத்தன்மை ஆணை இருக்கிறதா என்று பல்கலைக்கழகத்தில் எழுத்து மூலம் கேட்பது. இல்லை என்றால், ஆணை கேட்டு விண்ணப்பிக்க பல்கலைக்கழகத்தை வலியுறுத்தலாம். ஆனால் வேலைக்கான அறிவிப்பு வந்த பிறகு ஓடுவதில் பலன் இல்லை. அறிவிப்பு தேதிக்கு முன்பே ஆணை கையில் இருப்பதுதான் பாதுகாப்பு.

கேந்திரிய வித்யாலயா பள்ளிகளின் கணக்கு வேறு. அங்கே பட்டதாரி அறிவியல் ஆசிரியர் பணிக்கு தாவரவியல், விலங்கியல், வேதியியல் பாடங்களை படித்திருக்கிறார்களா என்று பார்க்கிறார்கள். துணைப்பாடத்தை எத்தனை வருடம் படித்தோம் என்பது வரை மார்க் ஷீட்டை புரட்டுவார்கள். அதற்கு நம்ம ஊர் டெட் போதாது, மத்திய அரசு நடத்தும் சி-டெட் எழுத வேண்டும். தனியார் சி.பி.எஸ்.இ., மெட்ரிக் பள்ளிகளில் மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி படித்தவர்கள் பலர் அறிவியல் நடத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். சம்பளம் அரசு சம்பளத்துக்கு பக்கத்தில்கூட வராது. "கவர்மெண்ட் வேலை கிடைக்கிற வரைக்கும்" என்று சேர்ந்தவர்கள்தான் அதிகம்.