சிவப்புப் பனி: இரு தவறான ஊகங்களின் வரலாறு

வெண்பனியில் உள்ள எண்ணற்ற படிகங்கள் ஒளியின் எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடிக்கின்றன. அதனால் அது வெண்மையாகத் தெரிகிறது. பனியாறுகளில் அழுத்தத்தால் காற்றுக்குமிழிகள் நீங்கி இறுகிய பனிக்கட்டி, சிவப்பு ஒளியைக் கூடுதலாக உறிஞ்சுவதால் நீலமாகத் தெரிகிறது. ஆனால் பனி சிவப்பாக வேண்டுமானால் அதில் வேறொரு பொருள் கலந்திருக்க வேண்டும். அப்பொருள் எது என்பதில் அறிஞர்கள் இருமுறை தவறினர்.

1818 ஆகஸ்டில், வடமேற்குக் கடல்வழியைத் தேடிச் சென்ற பிரித்தானியக் கடற்படை அதிகாரி ஜான் ராஸ், கிரீன்லாந்தின் வடமேற்குக் கரையில் செந்நிறப் பனி படிந்த பாறைச் சரிவுகளைக் கண்டார். அவற்றுக்குச் 'செம்பாறைகள்' என்று பொருள்படும் பெயரை இட்டார். அங்கிருந்து எடுத்த மாதிரிகள் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டன. விண்கற்களிலிருந்து விழுந்த இரும்பே நிறத்திற்குக் காரணம் எனச் சிலர் கருதினர். தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் அது பாசி வகையாக இருக்கலாம் என்றார். பிரான்சிஸ் பாவர் அதைப் பூஞ்சை என வகைப்படுத்தினார்.

பிரவுனின் கருத்தே உண்மைக்கு நெருங்கியதாக இருந்தது. அந்நிறத்தைத் தருவது குளிரில் வாழும் ஒற்றைச்செல் பச்சைப்பாசி. அதிலுள்ள அஸ்டாசாந்தின் என்ற செந்நிறமி, கடும் வெயிலிலிருந்தும் புறஊதாக் கதிரிலிருந்தும் செல்லைக் காக்கிறது. பச்சையம் அந்நிறமியால் மறைக்கப்படுகிறது.

1911இல் அண்டார்க்டிகாவில் இதற்கு நேர்மாறான தவறு நிகழ்ந்தது. நிலவியலாளர் கிரிஃபித் டெய்லர், இன்று அவர் பெயரால் அழைக்கப்படும் பனியாற்றின் முகப்பில் இரத்தம் போன்ற கசிவைக் கண்டார். செம்பாசியே காரணம் என்று கருதப்பட்டது. உண்மையில் அது இரும்பு செறிந்த உவர்நீர். பனியாற்றுக்கு அடியில் ஆக்சிஜனின்றி அடைபட்டிருக்கும் அந்நீர், வெளியே வந்து காற்றுடன் சேரும்போது அதிலுள்ள இரும்பு துருப்பிடித்துச் சிவக்கிறது.

ஆக, இரும்பு எனப்பட்டது பாசியாகவும், பாசி எனப்பட்டது இரும்பாகவும் முடிந்தன. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் நிறத்தின் காரணத்தை ஆய்வே பிரித்துக் காட்டியது.

பாசியால் வரும் சிவப்பு இன்று காலநிலை ஆய்விலும் முக்கியமானது. நிறமேறிய பனி சூரிய ஒளியைக் குறைவாகத் திருப்பி அனுப்புவதால் விரைவாக உருகுகிறது. உருகிய நீர் பாசி மேலும் பெருக உதவுகிறது. ஆர்க்டிக் பனியாறுகளில் ஓர் உருகுபருவத்தில் இப்பாசி பனியின் ஒளி எதிரொளிப்பை 13 விழுக்காடு வரை குறைக்கக்கூடும் என 2016இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.