பாரதி நகர் இசிஜியும் முதுமையின் நினைவும்

சென்னை மருத்துவ வரலாற்றில் மூளையும் இதயமும் தனித்தனி வாசல் வழியாகவே நுழைந்தன. 1950-ல் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி நரம்பியல் அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். 1975-ல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கே. எம். செரியன் நாட்டின் முதல் பைபாஸ் அறுவையை வெற்றிகரமாகச் செய்தார். இரண்டும் பெருமைக்குரிய சாதனைகள். ஆனால் நெஞ்சுவலிக்கு ஒரு டாக்டர், மறதிக்கு வேறொரு டாக்டர் என்ற பிரிவினையும் அவற்றோடு சேர்ந்து நம் மனத்தில் படிந்துவிட்டது. முதியவரை முழு மனிதராகப் பார்க்க, 1978-ல் அதே பொது மருத்துவமனையில் வி. எஸ். நடராஜன் முதியோர் பிரிவைத் தொடங்க வேண்டியிருந்தது. அங்கே வந்து சேரும் மறதியில் ஒரு பகுதிக்கு வேர், நோயாளியின் நடுவயது ரத்தக் குழாய்களில் இருக்கிறது.

அந்தக் குழாய்களின் நிலையைச் சென்னையே ஒருமுறை காட்டியது. 1996–97-ல் நீரிழிவு மருத்துவர் வி. மோகன் குழுவினர் தி. நகர் பாரதி நகரிலும் திருமங்கலம் ஏசியாட் காலனியிலும் 20 வயது நிரம்பிய 1,262 பேரை ஆராய்ந்தனர். ரத்தப் பரிசோதனையும் இசிஜியும் எடுத்துப் பார்த்ததில், 11 சதவீதத்தினருக்கு இதயத் தமனி நோய் இருந்தது. இது நெஞ்சோடு நிற்கும் செய்தி அல்ல. உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளை, இதயம் இறைக்கும் ரத்தத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. ஆண்டுக்கணக்கில் பிரஷர் ஏறியே இருந்தால் மூளையின் நுண்குழாய்கள் தடித்து அடைபடுகின்றன. வலியே இல்லாமல் சின்னச் சின்ன இடங்கள் ரத்தமின்றிக் கருகுகின்றன. கணக்குப் பார்ப்பதும் யோசித்து முடிவெடுப்பதும் மெல்ல மந்தமாகின்றன.

'வயதானால் மறதி வரத்தானே செய்யும்' என்பார்கள். பெயர் நினைவுக்கு வரத் தாமதமாவது முதுமை. பழகிய தெருவில் வழி தவறுவது நோய். அல்சைமருக்கு மரபணுவும் காரணம் என்பது உண்மை. பிரஷரைக் குறைத்தால் மறதிநோய் நின்றுவிடும் என்பதும் இன்னும் நிரூபணமாகவில்லை. 2019-ல் வெளியான அமெரிக்க 'ஸ்பிரின்ட் மைண்ட்' ஆய்வில், பிரஷரின் மேல் அளவை 120-க்குக் கீழே கொண்டுவந்தவர்களிடம் மறதிநோய்க்கு முந்தைய கட்டமான லேசான அறிவாற்றல் குறைபாடு குறைந்தது; மறதிநோயில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. ஆனாலும் மரபணுவை மாற்ற முடியாது, பிரஷரை மாற்ற முடியும். அதற்கு உடற்பயிற்சி ஒரு வழி. ஏசியாட் காலனிவாசிகள் ஆய்வுக்குப் பின் தங்கள் செலவிலேயே பூங்கா அமைத்தார்கள். வாரம் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் 14.2 சதவீதத்திலிருந்து 58.7 ஆனார்கள். சென்னைவாசிகளான நமக்குப் பனகல் பூங்காவும் நாகேஸ்வர ராவ் பூங்காவும் ஏற்கெனவே இருக்கின்றன. நாற்பதைத் தொட்டவர்கள் அங்கே நடக்கட்டும்; கையில் பட்டை கட்டி பிரஷர் பார்த்துக்கொள்ளட்டும். எழுபதில் பேரப்பிள்ளையின் பெயரை மறக்காதிருக்கச் செய்யவேண்டிய வேலை இது.