காப்பிக்குப் பதிலாக வந்த பயிர்கள்

ஐரோப்பிய வேளாண்மையின் சரித்திரத்தை எழுதியவர்கள் கோதுமைக்கும் உருளைக்கிழங்குக்கும் திராட்சைக்கும் தந்த கவனத்தில் ஒரு சிறு பங்கையேனும், காப்பிக்கொட்டை கிடைக்காத காலங்களில் அதன் ஸ்தானத்தை நிரப்புவதற்கென்றே உழுது விதைக்கப்பட்ட பயிர்களுக்குத் தந்ததாகத் தெரியவில்லை. அப்பயிர்களைத் தோற்றுவித்தவை ராஜாங்கத்தின் பொக்கிஷக் கவலையும் கடல் யுத்தமுமே. அக்காரணங்கள் நீங்கியவுடன் அவற்றுட் பெரும்பாலானவை வயலை விட்டு மறைந்தன. சிக்கரி மட்டும் எங்ஙனம் நிலைபெற்றது, ஏனையவை ஏன் நிலைபெறவில்லை என்பதே இங்கு ஆராயத்தக்க விஷயம்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காப்பி விளையும் குடியேற்ற நாடு எதுவும் பிரஷ்யாவுக்கு இல்லை. குடிமக்கள் அருந்திய ஒவ்வொரு கோப்பைக்கும் உள்நாட்டு வெள்ளி அந்நிய வியாபாரிகளின் கைக்குப் போகிறதென்று வருந்திய மகா பிரடெரிக், 1777இல் பிரஜைகள் காப்பியை விடுத்துப் பீருக்கே திரும்ப வேண்டுமென்று அறிக்கை விடுத்தார். அது பலிக்காமற்போகவே, 1781இல் காப்பி வறுக்கும் உரிமையை அரசின் ஏகபோகமாக்கி, வறுபடும் மணத்தைத் தெருத்தெருவாக மோப்பம் பிடித்துக் கள்ளத்தனமாக வறுப்போரைக் கண்டுபிடிக்கும்படி, யுத்தத்தில் ஊனமுற்ற பழைய சிப்பாய்களை நியமித்தார். அவர் 1786இல் மறைய, அடுத்த ஆண்டே அந்த ஏகபோகம் கைவிடப்பட்டது. ஆயின் அதற்கு முன்னரே வேறொரு வழி திறந்திருந்தது. ஏறத்தாழ 1770இல் மேஜர் கிறிஸ்டியன் ஃபான் ஹைனே என்பவரும் பிரான்சுவிக் விடுதிக்காரரான கிறிஸ்டியன் காட்லீப் ஃபோர்ஸ்டரும் சிக்கரி வேரை வறுத்துப் பொடியாக்கி விற்பதற்குப் பிரான்சுவிக்கிலும் பெர்லினிலும் அரசின் அனுமதி பெற்றார்கள்.

சிக்கரி சாலையோரங்களில் தானாகவே முளைத்து நீலப்பூப் பூக்கும் செடி. அதனைப் பயிராக்குவது கடினமன்று. வசந்தத்தில் விதைத்து, இலையுதிர் காலத்தில் அதன் நீண்ட வெண்ணிற வேரைத் தோண்டியெடுத்து, கழுவி, துண்டுகளாக நறுக்கி, சூளையில் உலர்த்திப் பின்னர் வறுப்பார்கள். வேரில் நிறைந்துள்ள இனுலின் என்னும் சத்து, வறுக்கும் சூட்டில் சிதைந்து சர்க்கரையாகிக் கருகும்போது உண்டாகிற கருஞ்சிவப்பு நிறமும் கசப்பும் இனிப்பும் கலந்த மணமும் காப்பியை நினைவூட்டுமேயன்றி, காப்பியின் உற்சாகத்திற்குக் காரணமான காஃபீன் அதில் அணுவளவும் கிடையாது. அக்காலத்துச் சிக்கரிப் பொட்டலமொன்றில் ஒரு படம் அச்சிடப்பட்டிருந்தது: ஜெர்மானியக் குடியானவன் ஒருவன் ஒரு கையால் சிக்கரி விதை தூவிக்கொண்டே, காப்பி ஏற்றிவரும் கப்பல்களை மறுகையால் அப்பாற் போகும்படி விலக்குகிறான், நீங்கள் இல்லாமலே நாங்கள் ஆரோக்கியமும் செல்வமும் உடையோம் என்னும் பொருளில் கீழே ஒரு வாசகம். சுதேசியக் கிளர்ச்சியை அறிந்த நமக்கு அப்படத்தின் உணர்ச்சி புதிதன்று.

நெப்போலியன் 1806 நவம்பர் 21இல் பெர்லினில் பிறப்பித்த ஆணையும், அதனை வலுப்படுத்தி அடுத்த ஆண்டு மிலானில் பிறப்பித்த ஆணையும் ஐரோப்பாவின் துறைமுகங்களை ஆங்கிலேய வர்த்தகத்துக்கு அடைத்துவிட்டபொழுது, ஒரு நாட்டின் பிரச்சினையாக இருந்தது கண்டம் முழுவதற்கும் உரியதாயிற்று. சர்க்கரையும் காப்பியும் அற்றுப்போன அந்தக் குறையே ஜெர்மானியரை நெப்போலியனுக்கு எதிராகக் கிளர்ந்தெழச் செய்ததென்று மார்க்ஸும் எங்கெல்ஸும் பின்னாளில் எழுதினார்கள். சர்க்கரைக்குப் பீட்ரூட் இனம் ஒன்று கைகொடுத்தது. காப்பிக்கோ, ரை என்னும் கம்பரிசி, பார்லி, ஓக் மரக்கொட்டை, டாண்டிலியன் வேர், கோரையினத்துக் கிழங்காகிய நிலவாதுமை என்று கைக்கு எட்டியவையெல்லாம் வறுசட்டியில் ஏறின. இவற்றுள் என் மனத்தை மிகவும் ஈர்ப்பது அஸ்ட்ரகலஸ் போயடிகஸ் என்னும், மத்தியதரைக் கடற்கரைக்கு உரிய அவரையினச் செடி. முப்பட்டையாய் நுனி கொக்கிபோல் வளைந்த அதன் காய்களிலுள்ள விதைகளை வறுத்து, ஸ்வீடிஷ் காப்பி என்ற பெயரால் ஜெர்மனியிலும் ஹங்கேரியிலும் உபயோகித்தனர். அப்பெயருக்குரிய ஸ்வீடன், 1756 முதற்கொண்டு பன்முறை காப்பியைத் தடைசெய்த நாடு. கப்பல்கள் திரும்பி வந்த பின்னர் அச்செடிக்கு வேண்டுவோர் இல்லை. இன்று தாவர நூல்களிலன்றி அதன் பெயரைக் காண்பது அரிது.

அரை நூற்றாண்டு கழித்து அமெரிக்காவில் இதே கதை மீண்டும் நிகழ்ந்தது. 1861இல் உள்நாட்டு யுத்தத்தின்போது வட மாநிலங்களின் கடற்படை தென் மாநிலங்களின் துறைமுகங்களை மறித்தபோது, அங்குள்ளோர் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் கம்பரிசியையும், நாம் சாம்பாருக்கு நறுக்கும் வெண்டையின் முற்றிய விதையையும் வறுத்துக் காப்பியாக்கினர். தென்னவர் படையின் வைத்தியரும் தாவர சாஸ்திரியுமான பிரான்சிஸ் போர்ச்சர், 1863இல் வெளியிட்ட தம் பெரிய நூலில் இத்தகைய உள்நாட்டுத் தாவரங்களின் உபயோகங்களைத் தொகுத்துரைத்தார். யுத்தம் முடிந்ததும் வெண்டை மறுபடியும் காய்கறியாகவே ஆயிற்று.

சிக்கரி இவ்வாறு ஒழியாமைக்கு அதன் சுவையொன்றே காரணமாகாது என்பது என் துணிபு. நெப்போலியன் காலத்துத் தடை நீங்குமுன்பே அதற்கெனச் சூளைகளும் ஆலைகளும் முதலிட்டு நிறுவப்பட்டிருந்தன. உழவனுக்கு உறுதியான கொள்முதல் இருந்தது. யாவற்றினும் மேலாக, அது காப்பியின் பகையாக இராமல் அதனுடன் கலக்கும் சரக்காகத் தன்னை மாற்றிக்கொண்டது. அக்கலப்பு மோசடியாகவும் முடிந்ததுண்டு. காப்பி என்று லண்டனில் விற்ற பொடிகளில் சிக்கரி மிகுந்திருந்ததை, 1850ஐ ஒட்டி ஆர்தர் ஹில் ஹசல் உருப்பெருக்கியின் துணையால் வெளிப்படுத்தினார். குஜராத்தில் விளையும் சிக்கரியைக் கலந்தே நாம் பெரும்பாலும் டிகாஷன் இறக்குகிறோம். கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையலாகாது என்று நம் சட்டம் விதிக்கிறது.

ஆலையின் ஆதரவு இல்லாமலும் தப்பிய பயிர் ஒன்று உண்டு. இத்தாலியின் தென் திரோல் பிரதேசத்தில், கடல் மட்டத்திற்குமேல் 1,200 மீட்டர் உயரத்தில் உள்ள ஆல்ட்ரை என்னும் சிற்றூரில், ரோமம் அடர்ந்த காய்களும் நீலப் பூக்களும் உடைய லூபின் செடியின் விதையை வறுத்துப் பொடித்து, கோதுமையோடோ பார்லியோடோ கலந்து காப்பியாக அருந்தும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்தது. கடைக்காப்பி மலிந்தபோது இதுவும் ஏறக்குறைய அழிந்துவிட்டது. வீட்டுத் தோட்டத்தில் ஆண்டுதோறும் ஒரு பாத்தி விதைத்து விதை எடுத்துவைத்த சில மூதாட்டியரால்தான் இனம் அறுபடாமல் நின்றது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ச்சியாளர் அவர்களிடம் சென்று, விதையையும் வறுக்கும் பக்குவத்தையும் ஒருங்கே கேட்டறிந்த பின்னரே ஊரார் அதனை மீண்டும் பயிரிடலாயினர். நம் வேளாண் கல்லூரிகளும் நாட்டு விதைகளைச் சேகரிக்கும்பொழுது, விதையோடு நின்றுவிடாமல், அதனை வளர்த்த குடும்பம் எது, எந்தப் பருவத்தில் விதைத்தார்கள், எப்படிச் சமைத்தார்கள் என்பவற்றையும் கூடவே எழுதிவைத்தல் வேண்டும்.