சிறு கட்டுமான நிறுவனங்களில் அறிவுப் பேணல்

சிறு கட்டுமான நிறுவனங்களில் அறிவுப் பேணல் என்பது, கட்டட வேலை செய்வோர் பட்டறிவால் பெற்றவற்றைப் பதிவு செய்து, அவர்கள் விலகிய பின்னரும் பயன்படுமாறு காப்பதைக் குறிக்கும். செய்யத் தெரிந்தும் சொல்லில் முழுமையாக அடங்காத இவ்வகை அறிவு உள்ளுறை அறிவு எனப்படும். மெய்யியலாளர் மைக்கேல் போலனி 1966 இல் வெளிவந்த தனது நூலில் இதனை விரிவாக விளக்கினார்.

தமிழ்நாட்டில் சிறு ஒப்பந்தக்காரர்களிடம் நிலையான பணியாளர் சிலரே. வேலையறிவு பெரும்பாலும் மேஸ்திரியிடமே தங்குகின்றது. (இச்சொல் ஆசான் எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது.) தருமபுரி மாவட்டத்திலிருந்து பலர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குச் செல்கின்றனர். மேஸ்திரி தம் குழுவுடன் சென்றுவிட்டால், எந்தக் கிணற்று நீர் உப்பானது, எங்கு தோண்டினால் பாறை தட்டும் என்பனவும் அவருடன் சென்றுவிடும். பல்லாண்டுகள் கலவை போட்ட பெண் சித்தாள்கள் கொத்தனாராவது அரிது. அவர்கள் அறிந்ததை யாரும் கேட்டு எழுதுவதும் இல்லை.

பதிவேடுகளின் குறை

பொதுப்பணித்துறை வேலைகளுக்கு அளவுப் புத்தகம் உண்டு. அதில் நீளம், அகலம், ஆழம் இருக்கும். அடித்தளம் ஏன் ஆழப்படுத்தப்பட்டது என்பது பொதுவாக இராது.

மணல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஈரமணலின் துகள்களைச் சூழும் நீர்ப்படலம் அவற்றை விலக்குவதால், கன அளவு கால் பங்குக்கு மேலும் கூடலாம். சட்டியால் அளந்தால் உண்மையில் மணல் குறைவாகவே விழும். தேர்ந்த கொத்தனார் மணலைக் கையில் பிடித்துப் பார்த்தே கூடுதல் சட்டி போடுவார். எத்தனை சட்டி என்பது எங்கும் எழுதப்படுவதில்லை.

பழைய அறிவு அனைத்தும் பேணத்தக்கதன்று. ஆற்று மணலுக்குப் பழகிய நீரளவு எம்-சாண்டுக்குப் பொருந்தாது. ஏழு நாள் நீராற்றல் சாதாரண போர்ட்லண்டு சிமெண்டுக்கான குறைந்த அளவு. கலப்புச் சிமெண்டுகளுக்குக் குறைந்தது 10 நாட்கள் வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456:2000. ஆகவே நடைமுறையுடன் அதன் காரணத்தையும் குறித்து வைப்பது இன்றியமையாதது.

நடைமுறைகள்

தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங் பள்ளத்தாக்கில் 2000களில் தொடங்கிய துளிர் கல்வி மையம் உள்ளூர் இளைஞர்களுக்குக் கட்டட வேலை, மின்னிணைப்பு முதலியவற்றைச் செய்முறையாகக் கற்பித்தது. அறிவு ஒரே மேஸ்திரியிடம் தேங்காமல் பலரிடம் பரவ இது ஒரு வழி.

நிறுவனங்கள் செய்யக்கூடியது இன்னும் எளிது. காங்கிரீட்டு இடுமுன் கம்பிக்கட்டையும் பூச்சுக்கு முன் குழாய்ப் பாதையையும் படமெடுக்கலாம். மாற்றங்களை வரைபடத்திலேயே தேதியுடன் எழுதலாம். படங்கள் மேற்பார்வையாளரின் சொந்தக் கைபேசியில் மட்டும் இருந்தால் அவர் வேலை மாறும்போது அவையும் போய்விடும். எனவே ஒரு படியை அந்தந்த வீட்டின் வரைபடத்துடன் அலுவலகத்தில் வைக்கவேண்டும்.