நாலு மீட்டர் கோடு – ரெண்டு கார், ஒரு பட்ஜெட், எங்க அப்பா

ஆபீஸ்ல இந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மி. அதனால டிராஃப்ட்ல ரொம்ப நாளா தூங்கிட்டிருந்த இந்தப் பதிவுக்கு விமோசனம். கார் ரிவ்யூ எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும், இது ரெண்டு காரை வெச்சு ஒரு குட்டி வரலாறு. கொஞ்சம் நீளம் தான். ஆனா விஷயமே நீளத்தைப் பத்தினது தானே :)

வீட்ல புது கார் வாங்கற பேச்சு ஓடிட்டிருக்கு. இப்ப இருக்கறது 2013 மாடல் ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட், டீசல். ஆர்சி புக்குக்கு 2028ல பதினஞ்சு வருஷம் முடியுது. நான் வழக்கம் போல எக்ஸெல் ஷீட்டைத் திறந்து, கார் பேரு, மைலேஜ், ஏர்பேக் எண்ணிக்கை, பூட் அளவுன்னு காலம் காலமா போட்டு, மார்க் குடுத்து, கலர் எல்லாம் அடிச்சு அப்பாகிட்ட காட்டினேன். அவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி தான் கேட்டார்.

"இதுல வரி எந்த காலத்துல இருக்கு?"

அப்பா ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல முப்பது வருஷம் கணக்கு எழுதினவர். அவருக்குக் காரோட முதல் பாகமே வரி தான், இன்ஜின் எல்லாம் அப்புறம். அந்தக் கேள்வி என்னை நேரா 2013க்குக் கொண்டு போயிடுச்சு. கொசுவத்தியைச் சுத்திக்கறேன், நீங்களும் கூட வாங்க.

*

எங்க ஊர் செங்கல்பட்டு. 2013ல நான் பத்தாவது முடிச்ச நேரம். அந்த வருஷம் ஊர்ல கார் வாங்க நினைச்ச எல்லார் வாயிலயும் ரெண்டே பேர். ஒண்ணு ரெனால்ட் டஸ்டர். 2012 ஜூலையில வந்தது, ஆரம்ப விலை 7.19 லட்சம். இன்னொண்ணு ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட். 2013 ஜூன் மாசம் வந்தது, ஆரம்ப விலை 5.59 லட்சம். ரெண்டும் டெல்லி எக்ஸ் ஷோரூம் விலை.

இதுல எங்க ஊர்க்காரங்களுக்கு ஒரு தனிப் பெருமை. ஈக்கோஸ்போர்ட் பிறந்தது ஜிஎஸ்டி ரோட்டு மேல இருக்கற மறைமலை நகர்ல. டஸ்டர் பிறந்தது ஒரகடத்துல. சிங்கப்பெருமாள் கோயில்ல திரும்பினா நேர் ரோடு. டிராபிக் இல்லைன்னா அரை மணி, முக்கால் மணி நேரப் பயணம். நாடு முழுக்க மோதிக்கிட்ட ரெண்டு காரும் ஒரே மாவட்டத்துப் புள்ளைங்க (அப்ப எல்லாம் காஞ்சிபுரம் மாவட்டம் தான்).

ஆனா பிறந்த கதை வேற வேற. டஸ்டர் ருமேனியா நாட்டு டாசியாவோட கார். அந்தக் கம்பெனியை ரெனால்ட் 1999ல வாங்குச்சு. குறைஞ்ச செலவுல முரட்டு வண்டிங்கறது தான் ஐடியா. 2010ல ஐரோப்பாவுல வந்து, ரெண்டு வருஷத்துல ஒரகடம் வந்துடுச்சு. ஈக்கோஸ்போர்ட்டுக்குப் பூர்வீகம் பிரேசில். அங்க 2003லயே முதல் தலைமுறை வந்தாச்சு. நாம பார்த்தது இரண்டாம் தலைமுறை. அதை 2012 ஜனவரியில டெல்லியில காட்டினாங்க.

இப்ப முக்கியமான நம்பருக்கு வருவோம். டஸ்டர் நீளம் 4,315 மில்லிமீட்டர். ஈக்கோஸ்போர்ட் நீளம் 3,999 மில்லிமீட்டர்.

3,999! எந்த இன்ஜினியராவது தானா யோசிச்சு இப்படி ஒரு நம்பருக்கு வருவானா? பாட்டா செருப்பு விலை மாதிரி இல்ல? இந்த நம்பரை எழுதினது இன்ஜினியர் இல்லீங்க, நிதி அமைச்சகம்.

*

2006 பிப்ரவரி 28. அப்போதைய நிதி அமைச்சர் ப.சிதம்பரம் பட்ஜெட் படிக்கிறார். சின்ன கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்துல இருந்து 16 ஆக் குறைக்கிறார். சின்ன கார்னா என்ன? நீளம் 4,000 மி.மீ.க்கு மேல போகக் கூடாது. பெட்ரோல்னா இன்ஜின் 1,200 சிசிக்குள்ள, டீசல்னா 1,500 சிசிக்குள்ள. இந்தியாவைச் சின்ன கார் தயாரிப்புக்கு மையமா ஆக்கணும்ங்கறது நோக்கம்.

நம்ம பாஷையில சொன்னா ஒரு இஃப் கண்டிஷன், நடுவுல ஒரு அண்ட். அவ்ளோ தான். ஆனா அந்த ஒரு வரி கோடு இந்திய ரோட்டோட முகத்தையே மாத்திடுச்சு.

முதல்ல கத்தரிக்கோல் எடுத்தது டாடா. 2008ல இண்டிகோவோட வாலை வெட்டி இண்டிகோ சிஎஸ்னு விட்டாங்க. மாருதி டிசையர் 2008ல வந்தப்ப 4,160 மி.மீ. 2012ல வந்த அடுத்த டிசையர் 3,995. டிக்கி காலி. மகிந்திரா 2012ல சைலோவை வெட்டி குவாண்டோ ஆக்கினாங்க. 1.3 லிட்டர் பெட்ரோலோட வந்த ஸ்விஃப்ட், 2010ல 1.2 லிட்டருக்கு இறங்குச்சு. பின்பக்கம் யாரோ கதவை டக்குனு சாத்தின மாதிரி பல கார்கள் இருக்கே, அதுக்குக் காரணம் டிசைனரோட ரசனை இல்ல, இந்தக் கோடு தான்.

எஸ்யூவி மாதிரி உயரமான வண்டியில இதை முதல்ல செஞ்சது பிரீமியர். ஆமா, நம்ம பத்மினி பிரீமியர் தான். 2009 கடைசியில ரியோன்னு ஒரு வண்டி விட்டாங்க, நாலு மீட்டருக்குள்ள. பெருசா யாரும் கண்டுக்கல. அதே ஐடியாவை ஊரே திரும்பிப் பார்க்கற மாதிரி செஞ்சது ஈக்கோஸ்போர்ட். ஸ்பேர் வீலைப் பின்கதவுல தொங்க விட்டு, 200 மி.மீ. தரை இடைவெளி குடுத்து, கணக்குல மட்டும் 'சின்ன கார்' ஆயிடுச்சு. அதுலயும் ஒரு வேடிக்கை. 999 சிசி டர்போ பெட்ரோலும் 1,498 சிசி டீசலும் சின்ன காருக்கான வரம்புக்குள்ள வரும். அதே பாடியில 1,499 சிசி பெட்ரோல் போட்டா வராது. வெளியில இருந்து பார்த்தா மூணும் ஒரே கார். வரிக்காரர் கண்ணுக்கு ரெண்டு சாதி.

*

2013 பட்ஜெட்ல கதை இன்னும் சிக்கலாச்சு. அதே சிதம்பரம் தான். எஸ்யூவி ரோட்டையும் பார்க்கிங்கையும் அதிகம் அடைக்குதுன்னு சொல்லி உற்பத்தி வரியை 27ல இருந்து 30 சதவீதம் ஆக்கினார். எது எஸ்யூவி? நீளம் 4,000 மி.மீ.க்கு மேல, இன்ஜின் 1,500 சிசிக்கு மேல, தரை இடைவெளி 170 மி.மீ. அல்லது அதுக்கு மேல. மூணும் சேர்ந்து இருக்கணும்.

டஸ்டரை இதுல போட்டுப் பாருங்க. பெட்ரோல் டஸ்டர் 1,598 சிசி, 205 மி.மீ. இடைவெளி. மூணுலயும் மாட்டுது. டீசல் டஸ்டர் 1,461 சிசி. ஒரு கண்டிஷன் பொய், தப்பிச்சாச்சு! பெட்ரோல் டஸ்டர் எஸ்யூவியாம், டீசல் டஸ்டர் எஸ்யூவி இல்லையாம்.

இதை எனக்குப் புரிய வெச்சது அப்பா தான். ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கொத்தனார் விட்டுட்டுப் போன இஞ்ச் டேப்பை எடுத்தார். ஒரு முனையை என்கிட்ட குடுத்து போர்ட்டிகோ சுவத்துல பிடிக்கச் சொன்னார். 4 மீட்டர்ல சாக்பீஸால ஒரு கோடு, 4.3 மீட்டர் சொச்சத்துல ஒரு கோடு. நடுவுல ஒரு அடிக்குக் கொஞ்சம் கூட.

"இந்த ஒரு அடி தான்டா தம்பி. இந்தப் பக்கம் 12 சதவீதம், அந்தப் பக்கம் 24. ஆறு லட்சம் அடக்க விலைன்னு வெச்சுக்கோ, வித்தியாசம் மட்டும் எழுபத்திரண்டாயிரம். அதுக்கு மேல வாட்டும் ஏறும்."

ஆயா திண்ணையில இருந்து, "அப்ப அந்த ஒரு அடி எனக்கு எதுக்கு, நான் என்ன படுத்துக்கிட்டா வரப் போறேன்?"ன்னு கேட்டாங்க. கேள்வி நியாயம் தான். ஆனா அந்த ஒரு அடியில தான் டஸ்டரோட 475 லிட்டர் டிக்கி இருந்தது. ஈக்கோஸ்போர்ட்ல 346 லிட்டர். டஸ்டர் அகலமும் ஜாஸ்தி, பின்சீட்ல மூணு பேர் தோள் இடிக்காம உட்காரலாம். அஞ்சு பேர் திருப்பதி போற வீட்டுக்கு அது சின்ன விஷயம் இல்ல.

ரெண்டையும் ஓட்டிப் பார்த்தோம். டஸ்டர்ல இருந்து இறங்கினப்ப அப்பா முகத்துல இருந்த வெளிச்சம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. ஒரகடத்துக் குழியில எல்லாம் குலுங்காம போச்சு அந்த வண்டி. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அதைப் பத்தியே பேசினார்.

வாங்கினது ஈக்கோஸ்போர்ட்.

எனக்கு அப்ப செம கடுப்பு. 'மனுஷன் பிடிச்சதை வாங்காம வரியைப் பார்த்து வாங்கறாரே'ன்னு ஒரு வாரம் மூஞ்சைத் தூக்கி வெச்சுக்கிட்டேன்.

*

அதுக்கப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரிஞ்சது. ஈக்கோஸ்போர்ட் போட்ட ரோட்டுல மத்தவங்க வந்தாங்க. 2016ல மாருதி பிரெஸ்ஸா, 2017ல டாடா நெக்ஸான், 2019ல ஹூண்டாய் வென்யூ. மூணும் நாலு மீட்டருக்குள்ள, ஒவ்வொண்ணும் கோட்டுக்கு அஞ்சாறு மில்லிமீட்டர் முன்னாடி பிரேக் அடிச்சு நின்ன மாதிரி. 2017 ஜூலையில உற்பத்தி வரி போய் ஜிஎஸ்டி வந்தது (ரோடு இல்லீங்க, வரி). பேர் மாறுச்சு, கோடு மாறல.

கோட்டைக் கண்டுக்காம வந்த ரெனால்ட்டே கடைசியில கோட்டுக்குள்ள வந்துடுச்சு. 2019ல டிரைபர் 3,990 மி.மீ., 2021ல கைகர் 3,991 மி.மீ. அதே ஒரகடம். டஸ்டர் 2022ல இந்தியாவுல நின்னு போச்சு.

கோட்டை ஜெயிச்ச ஃபோர்டு மட்டும் என்ன ஆச்சு? 2021 ஜனவரியில பிரேசில்ல தயாரிப்பை நிறுத்தறதா அறிவிச்சாங்க. அதே வருஷம் செப்டம்பர்ல இந்தியாவுலயும். ஏற்றுமதி ஆர்டரை முடிச்சுட்டு, 2022 ஜூலையில மறைமலை நகர்ல கடைசி ஈக்கோஸ்போர்ட் வெளிய வந்தது. பிறந்த வீடு, புகுந்த வீடு ரெண்டும் ஒண்ணரை வருஷத்துக்குள்ள பூட்டு. 2025 அக்டோபர்ல, அந்த ஃபேக்டரியில 3,250 கோடி ரூபாய் முதலீட்டுல 2029 முதல் இன்ஜின் தயாரிக்கப் போறதா ஃபோர்டு அறிவிச்சது. நல்ல சேதி தான். ஆனா அது இன்ஜின், கார் இல்ல.

அதனால தான் சொல்றேன், சரியான நீளத்துல கார் செஞ்சா ஜெயிச்சுடலாம்ங்கறது பாதி உண்மை. கோடு ஒரு காரை விக்க வைக்கும், ஒரு கம்பெனியைக் காப்பாத்தாது. எங்க எக்ஸெல் ஷீட்ல 'இந்தக் கம்பெனி பத்து வருஷம் இருக்குமா'ன்னு 2013லயும் காலம் இல்ல, இப்பவும் இல்ல.

*

இப்ப நிகழ்காலம். 2025 செப்டம்பர் 22ல இருந்து ஜிஎஸ்டி மறுபடி மாறுச்சு. அந்தப் பழைய இலக்கணத்துக்குள்ள வர்ற சின்ன கார்னா 18 சதவீதம், வெளிய போனா 40. செஸ் கிடையாது. அடக்க விலை ஏழு லட்சம்னு வெச்சா ஒண்ணு 8.26 லட்சம், இன்னொண்ணு 9.80 லட்சம். 2006ல எட்டு சதவீதமா இருந்த பள்ளம் இப்ப இருபத்திரண்டு. பிரெஸ்ஸாவும் நெக்ஸானும் ஏறக்குறைய ஒரே நீளம். ஆனா 1,462 சிசி பெட்ரோல்ங்கறதால முன்னது 40, 1,199 சிசிங்கறதால பின்னது 18. என் ஷீட்ல வரி காலம் சேர்த்ததும் ரேங்க் லிஸ்ட் தலைகீழா மாறிடுச்சு. அப்பா ஒண்ணும் சொல்லல, லேசா சிரிச்சார்.

இதுக்கு நடுவுல டஸ்டரைத் திரும்ப இந்தியாவுக்குக் கொண்டு வரோம், 2026 ஜனவரி 26 அன்னைக்குக் காட்டறோம்னு ரெனால்ட் அறிவிச்சது. உலகச் சந்தையில வந்த மூணாம் தலைமுறை டஸ்டர் 4,343 மி.மீ. அதாவது கோட்டுக்கு அந்தப் பக்கம், 40 சதவீதம். பேப்பர்ல வந்த அந்தச் செய்தியை அப்பா சத்தமா படிச்சார். படிச்சுட்டு, "நல்ல வண்டிடா அது. நமக்கு எதுக்கு"ன்னு மடிச்சு வெச்சுட்டார்.

போன மாசம் ஆர்சி புக்கைத் தேடி அவர் பீரோவைக் கிளறினப்ப 2013 டைரி கிடைச்சது. ஒரு பக்கத்துல ரெண்டு காலம். இடது பக்கம் டஸ்டர், வலது பக்கம் ஈக்கோஸ்போர்ட். ஆன் ரோடு விலை, வரி, இன்சூரன்ஸ், எல்லாம் அவரோட குண்டு குண்டு எழுத்துல. டஸ்டருக்கு மேல ஒரு டிக் அடிச்சு, அதைக் கோடு போட்டு அடிச்சிருந்தார். கீழ வித்தியாசம்: ரெண்டு லட்சத்துச் சொச்சம். அதுக்குப் பக்கத்துல சின்னதா, 'தம்பி காலேஜ் – ரெண்டு வருஷ பீஸ் + ஹாஸ்டல்'.

நான் 2015ல இன்ஜினியரிங் சேர்ந்தேன். அந்த ஒரு அடி கார் தான் நான் இப்ப பொட்டி தட்டற இந்த வேலை.

இப்ப என் ஷீட்ல புதுசா ஒரு காலம் சேர்த்திருக்கேன். 'அப்பாவுக்குப் பிடிச்சிருக்கா'ன்னு பேர். அதுக்கு எவ்வளவு வெயிட்டேஜ் குடுக்கறதுன்னு தான் இன்னும் முடிவாகல. இருபத்திரண்டு சதவீதத்தை விடக் கொஞ்சம் அதிகம் குடுத்தா கணக்கு டேலி ஆகும்னு தோணுது.

டிஸ்கி: டஸ்டரை ஓட்டிப் பார்க்க அவரைக் கூட்டிட்டுப் போகப் போறேன். விலையைச் சொல்லாம. ஆனா மனுஷன் இஞ்ச் டேப்போட வருவார்னு நினைக்கிறேன் :)