வலையின் கணக்கும் வழியின் கணக்கும்

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நாம், சந்தையில் மீன் வாங்கும்போது விலையைக் கேட்கிறோம், நிறையைப் பார்க்கிறோம். அம்மீன் எக்கடலில், எத்தனை மணி நேர உழைப்பில் பிடிபட்டது என்று கேட்பதில்லை. நாம் கேளாமையால் பெருந்தீங்கு ஒன்றும் இல்லை. ஆனால், கடலைக் காக்கும் பொறுப்புடைய அரசாங்கமே அதனைச் செவ்வனே கேட்டறியாவிடில் யாது நேரும்? இதற்கு விடை கூறும் வரலாறு, கனடா நாட்டின் கீழ்க்கோடியில் அட்லாண்டிக் மாகடலையொட்டிக் கிடக்கும் நியூபவுண்ட்லாந்துத் தீவில் நிகழ்ந்தது.

1497ஆம் ஆண்டு ஜான் கபோட் என்னும் மாலுமி இங்கிலாந்திலிருந்து அக்கடலை அடைந்தார். ஆங்கே கூடையை நீரில் இறக்கியே மீனை முகந்தெடுக்கலாம் என்ற செய்தி ஐரோப்பாவில் பரவிற்று. 'காட்' எனப்படும் அம்மீனை உப்பிட்டு உலர்த்திப் பல நாடுகளுக்கும் அனுப்பலாயினர். தூண்டிலும் சிறு படகுமே பெரும்பாலும் கருவிகளாக இருந்த நூற்றாண்டுகளில் அச்செல்வம் அழியவில்லை.

1950களில் நிலைமை மாறிற்று. பிடித்த மீனை அங்கேயே அறுத்து உறையவைக்கும் தொழிற்சாலைக் கப்பல்கள், மாபெரும் இழுவலைகளுடன் பல நாடுகளிலிருந்தும் வந்து குவிந்தன. 1968இல் அப்பகுதியில் ஏறத்தாழ 8 லட்சம் டன் காட் மீன் பிடிபட்டது. அடுத்த பத்தாண்டுகளுக்குள் அவ்வளவு 2 லட்சம் டன்னுக்கும் கீழே இறங்கிற்று. 1977இல் கனடா, கரையிலிருந்து 200 கடல் மைல் வரை மீன்பிடிப்பைத் தன் ஆட்சிக்கு உட்படுத்தியது. அயல்நாட்டுக் கப்பல்கள் விலகின. அவ்விடத்தை உள்நாட்டுக் கப்பல்கள் நிரப்பின. இனி மீன்வளம் பெருகும் என்று எல்லோரும் நம்பினர்.

அந்நம்பிக்கைக்கு ஆதாரமாக நின்றவற்றுள் ஒன்று மீன்பிடிக் கணக்கு. இழுவலைக் கப்பல்கள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு மீன் பிடித்தன என்று பார்த்தனர். அவ்வளவு குறையவில்லை, ஆகவே கடலில் மீன் குறையவில்லை என்று கருதினர். 1980களின் நடுவில், கரையருகே சிறு படகில் செல்லும் மீனவர் வேறு விதமாகப் பேசினர். மீன் குறைந்துவிட்டது, வருகின்ற மீனும் சிறுத்துவிட்டது என்று முறையிட்டனர். அவர்களுடைய சொல்லுக்குக் கப்பல்களின் கணக்குக்கு இருந்த மதிப்புக் கிட்டவில்லை.

கணக்கு எவ்வாறு பிழைத்தது? நம் ஊர் ஏரியை நினைவுகூர்ந்தால் விளங்கும். கோடையில் ஏரி வற்ற வற்ற, எஞ்சிய மீன் யாவும் மடுவில் வந்து சேரும். மடுவில் வலை வீசுபவனுக்கு ஒவ்வொரு வீச்சிலும் வலை நிறையும். அதுகொண்டு ஏரியே மீன்மயம் என்று கூறலாமா? குறைந்து வந்த காட் மீனும் அவ்வாறே சில இடங்களில் நெருங்கித் திரண்டது. ஒலியலைக் கருவி கொண்ட கப்பல்கள் அவ்விடங்களையே தேடிச் சென்றன. வலை நிறைந்தது, கடல் வெறுமையாயிற்று.

1992ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள், கனடாவின் மீன்வள அமைச்சர் ஜான் கிராஸ்பி அம்மீன்பிடிப்பைத் தடை செய்தார். சுமார் 30,000 பேர் பிழைப்பை இழந்தனர். ஈராண்டுத் தடை என்று கூறப்பட்டது. 32 ஆண்டுகள் நீடித்தது. 2024இல் அது நீங்கியபோது அவ்வாண்டுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 18,000 டன் மட்டுமே.

எவ்வளவு பிடித்தோம் என்பது வலையின் கணக்கு. எங்கே, எவ்வளவு நேரம் பிடித்தோம் என்பது வழியின் கணக்கு. இரண்டாவதைக் கப்பல்தோறும் திரட்டும் வசதி பின்னரே பெருகிற்று. 2000ஆம் ஆண்டு முதல் ஐரோப்பிய ஒன்றியம், 24 மீட்டருக்கு மேற்பட்ட மீன்பிடிக் கப்பல்கள் துணைக்கோள் வழியே தம் இருப்பிடத்தை அறிவிக்க வேண்டும் என்று விதித்தது. கப்பல்கள் மோதாதிருக்கும் பொருட்டு ஏற்பட்ட தானியங்கி அடையாளக் கருவியும் இவ்வாராய்ச்சிக்குப் பயன்படலாயிற்று. இழுவலையை இழுக்கும் கப்பல் மெல்ல ஊரும். துறைமுகம் திரும்பும் கப்பல் விரைந்து செல்லும். அவ்வேகத்தையும் திருப்பத்தையும் கொண்டே அது மீன்பிடிக்கிறதா என்று ஊகிக்கலாம். இம்முறையில் 70,000க்கும் மேற்பட்ட கப்பல்களைக் கண்ட ஓர் ஆய்வு 2018இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. 2016இல் மட்டும் அவை 4 கோடி மணி நேரம் மீன்பிடித்தன என்று அது கணித்தது.

ஆயினும், கருவியை நிறுத்திவிட்டு மறையும் கப்பல்களும் உள. சிறு படகுகள் பலவற்றில் கருவியே இல்லை. வழி தெரிந்தாலும் வலையில் ஏறியது எவ்வளவு என்பது தெரியாது. கோப்புகளை மொழிபெயர்ப்பது நம் தொழில். மூலத்தையும் நகலையும் ஒப்புநோக்காமல் நாம் எத்தாளிலும் கையொப்பமிடுவதில்லை. இவ்விரு கணக்குகளையும் அங்ஙனமே ஒப்புநோக்க வேண்டும். ஏட்டில் ஓரிடமும் வழியில் வேறிடமும் காணப்பட்டால் விசாரணை தேவை. பிடிபடும் அளவு மாறாமலிருக்க, கப்பல்கள் கூடும் பரப்பு மட்டும் ஆண்டுதோறும் சுருங்கினால், அது மடுவின் எச்சரிக்கை.

நம் நாட்டிலும் இப்பணி புதிதன்று. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947இல் இராமநாதபுரத்து மண்டபத்தில் தோன்றியது. 1971இல் அதன் தலைமையகம் கொச்சிக்கு மாறிற்று. சில இறங்குதுறைகளையும் சில நாள்களையும் தேர்ந்து, படகுகள் கொணரும் மீனை எண்ணி, அதுகொண்டு நாடு முழுமைக்குமான பிடிப்பை மதிப்பிடுவது அதன் முறை. 2024 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்துப் பால்கரில், கடலோர மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் 1 லட்சம் படகுகளுக்குத் துணைக்கோள் கருவி பொருத்தும் திட்டம் தொடங்கப்பெற்றது. நடுக்கடலில் ஆபத்து நேருங்கால் மீனவர் செய்தி அனுப்புவதே அதன் முதன்மையான நோக்கம். உயிர் காக்கும் அக்கருவி கணக்கிற்கும் துணையாகலாம்.

எக்கருவி வந்தாலும், கரையில் நின்று, "பாடு எப்படி?" என்று மீனவரைக் கேட்பதை நாம் விட்டுவிடலாகாது. நியூபவுண்ட்லாந்தின் சிறு படகுக்காரர் சொன்னதும் ஒரு கணக்கே. அதனை ஏட்டில் ஏற்றி மற்றக் கணக்குகளோடு ஒப்பிட்டிருந்தால், பேரிழப்பு முற்றிலும் நீங்கியிருக்கும் என்று அறுதியிட்டுக் கூற இயலாது. எச்சரிக்கையாவது காலத்தில் கிட்டியிருக்கும்.