ஐம்பத்தேழு நாட்களின் கணக்கு

செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில், இரு வரிசையாக அமைந்த இருபத்து நான்கு தீர்த்தங்கரர் திருவுருவங்களை வணங்கித் திரும்புவோருள் பலர் அங்குள்ள தொன்மையான கல்வெட்டைக் காண்பதில்லை. ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பு நோற்ற சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை அது. அக்கல்வெட்டில் அரசன் பெயரில்லை, ஆட்சியாண்டும் இல்லை, சகாப்தமும் இல்லை. எழுத்தமைதி கொண்டே ஆய்வாளர் அதன் காலத்தைக் கணிக்கின்றனர். பொறித்தோர் ஆண்டை விட்டனர். நோன்பின் நாட்களை விட்டாரில்லை.

அந்நாட்களை முன்னோர் அளவையால் விரித்துப் பார்ப்போம். 24 நிமிடம் ஒரு நாழிகை. இரு நாழிகை ஒரு முகூர்த்தம். முப்பது முகூர்த்தம் ஒரு நாள். எனவே 57 நாள் என்பது 3,420 நாழிகை, அதாவது 1,710 முகூர்த்தம். இன்றைய கணக்கில் 1,368 மணி நேரம். சாமாயிகத்தில் நாம் அமரும் 48 நிமிடமே ஒரு முகூர்த்தம். இதனை ‘முக்கால் மணி’ என்று இளையோர் சுருக்குவதுண்டு. குறைவது மூன்று நிமிடந்தானே எனலாம். 1,710 முகூர்த்தத்தில் அது எண்பத்தைந்தரை மணி. அந்த ஆசிரியர் உணவின்றிக் கழித்த மூன்றரை நாளுக்கும் மேற்பட்ட பொழுது கணக்கினின்று மறைந்துவிடும்.

அதே குன்றில் இளையபட்டாரர் முப்பது நாள் நோற்றதைக் கூறும் பிற்காலக் கல்வெட்டும் உண்டு. அங்கும் நாட்கள் எண்ணப்பட்டுள்ளன.